எதிர்முனையில் ஒரு வரி

கோயம்புத்தூரில் நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நெட்வொர்க் என்பது ஒரு அறைக்குள் முடிந்துவிடும். நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்த அறையைத் தாண்டி வேறு ஊரில் இருக்கும் இன்னொரு நெட்வொர்க்கோடு பேச வேண்டும் என்று முதலில் கேட்டவர்கள் ஸ்பின்னிங் மில்காரர்கள். ஹெட் ஆபீஸ் அவினாசி ரோட்டில் இருக்கும், மில் உடுமலைப் பக்கம் இருக்கும். அன்றைக்கு எத்தனை கிலோ நூல் ஓடியது, கோடவுனில் என்ன கவுண்ட் இருப்பு என்பதெல்லாம் சாயங்காலம் ஃபேக்ஸில் வரும். ஃபேக்ஸ் வராத அன்று பஸ்ஸில் யாராவது ஃப்ளாப்பி கொண்டுவருவார்கள்.

இதற்குத்தான் 64 கேபிபிஎஸ் லீஸ்டு லைன் எடுத்தார்கள். இரண்டு முனையிலும் ஒரு மோடம், கட்டைவிரல் பருமனில் ஒரு வி.35 கேபிள், ஒரு சிஸ்கோ 2501. அந்த ரூட்டரில் ஒரு ஈதர்நெட் போர்ட், இரண்டு சீரியல் போர்ட். ஈதர்நெட் போர்ட்டிலும் நேராகக் கேபிளைச் செருக முடியாது, ஏயூஐ டிரான்ஸீவர் என்று ஒரு சின்னப் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். அது கைவசம் இல்லாமல் நாள் தள்ளிப்போன வேலைகள் உண்டு. லேப்டாப் யாரிடமும் கிடையாது. ஆபீஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் ரூட்டர் பக்கத்தில் வைத்து, ஹைப்பர்டெர்மினலை 9600-இல் திறந்து தட்ட வேண்டியதுதான்.

ரூட்டருக்குத் தன்மேல் நேரடியாகச் செருகியிருக்கும் நெட்வொர்க்குகள் மட்டும்தான் தெரியும். ஹெட் ஆபீஸ் ரூட்டருக்கு ஒரு பக்கம் 192.168.1.0 தெரியும், இன்னொரு பக்கம் லீஸ்டு லைனுக்கு வைத்த 10.0.0.0 என்ற குட்டி நெட்வொர்க் தெரியும். அந்த லைனுக்கு அப்பால் மில்லில் 192.168.2.0 இருக்கிறது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். "192.168.2.0-க்குப் போகிறவை எல்லாம் 10.0.0.2-இடம் கொடு" என்று ஒரு வரி. ஸ்டாட்டிக் ரூட் என்பது அவ்வளவுதான். கட்டளையைக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். எனக்கு இத்தனை வருடம் சோறு போட்டது அந்த வரிக்கு வெளியே இருக்கிற விஷயங்கள்.

அப்படி ஒரு மில்லின் ஹெட் ஆபீஸில் சீனியர் அக்கவுண்டன்ட் ஒருவர் இருந்தார். ஹெட் ஆபீஸில் வரியைப் போட்டுவிட்டு, "உடுமலைக்கும் போய்ட்டு வரணுங்க" என்று பஸ் செலவுக்கு வவுச்சர் நீட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இங்கிருந்து அங்க போகுதுன்னீங்க. அப்புறம் எதுக்கு அங்கயும் போய் ஒண்ணு போடோணும்?"

"போறது போயிரும்ங்க. மில்லுல இருக்கற கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அந்தப் பதில் இங்க வர்றதுக்கு அந்த ரூட்டருக்கு நம்ம நெட்வொர்க் எங்க இருக்குன்னு தெரியணும்ங்க. அதுக்கு அங்க ஒரு வரி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அப்படீன்னா ஹெட் ஆபீஸ் பேரேட்டுல மில்லுக்கு அனுப்பினதா எழுதினா, மில் பேரேட்டுலயும் வந்ததா எழுதோணும். அதானுங்களே?" வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், படம் போட்டும் விளக்கியிருக்கிறேன். அவர் அளவுக்கு வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் குறைவு.

எனக்கு இன்றைக்கும் வருகிற போன்களில் பாதிக்கு மேல் இந்தத் திரும்பும் வரி இல்லாததால்தான். இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ரூட்டருக்குள் போய் அங்கிருந்தே மில் கம்ப்யூட்டரைப் பிங் செய்தால் பதில் வரும். பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து செய்தால் வராது. உடனே கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று அதைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். நடப்பது வேறு. ரூட்டர் பிங் அனுப்பும்போது லீஸ்டு லைன் பக்கத்து முகவரியான 10.0.0.1-இலிருந்து அனுப்புகிறது. அது மில் ரூட்டருக்கு நேரடியாகத் தெரிந்த நெட்வொர்க், ஆகவே பதில் வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரின் முகவரி 192.168.1-இல் இருக்கிறது. அதற்கு வழி மில் ரூட்டரில் எழுதப்படவில்லை. ரூட்டரிலிருந்து பிங் செய்வதானால் லேன் பக்கத்து முகவரியைப் புறப்படும் இடமாகக் கொடுத்துச் செய்ய வேண்டும். வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ரூட் எழுதுவது எப்படி என்பது அப்புறம்.

எதிர்முனை ரூட்டர் நம் கையில் இருந்தால் சரி. இல்லாதபோதுதான் சிக்கல். வங்கி, வாங்குபவரின் ஆபீஸ், ஷிப்பிங் கம்பெனி என்று வெளியார் நெட்வொர்க்கோடு இணைக்கும்போது அவர்கள் பக்கம் ஒரு வரி சேர்க்க மூன்று கடிதம், ஒரு படிவம், ஒரு மேனேஜர் கையெழுத்து. வேலை ஒரு நிமிடம், காத்திருப்பு ஒரு மாதம். அதனால் கம்பி வருவதற்கு முன்பே எதிர்முனையில் யார் ரூட்டரைத் தொடுவார், அவர் பெயர் என்ன, நேரடி நம்பர் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். மோடம் மாடல் நம்பரைவிட அது முக்கியம்.

ஆபீஸுக்குள் இன்டர்நெட் வந்ததும் இன்னொரு முனை கூடியது. இரண்டு நெட்வொர்க் கார்டு போட்ட ஒரு லினக்ஸ் பெட்டி, அதுவே எல்லாருக்கும் டீஃபால்ட் கேட்வே. மில்லுக்குப் போவதும் முதலில் அதனிடம்தான் போகும். "இது எனக்கில்லை, 2501-க்கு" என்று அது அதே கம்பியில் திருப்பி அனுப்பும். அடுத்த தடவை நேராக அங்கேயே போ என்று கம்ப்யூட்டருக்கு ஒரு தகவலும் கொடுக்கும். நன்றாகவே ஓடியது.

பிறகு லினக்ஸ் பெட்டிகளைத் தூக்கிவிட்டு ஃபயர்வால் பெட்டி வாங்கும் காலம் வந்தது. பழைய ரூட்டை அப்படியே புதிதில் எழுதுவார்கள். அடுத்த நாள் காலை போன் வரும்: "சார், பிங் போகுது, வருது. சாஃப்ட்வேர் தொறந்தா மட்டும் அப்படியே நிக்குது." போகும்போது பாக்கெட் ஃபயர்வால் வழியாக 2501-க்குப் போகிறது. வரும்போது 2501, கம்ப்யூட்டர் இரண்டும் ஒரே கம்பியில் இருப்பதால் நேராகவே வந்துவிடுகிறது. ஃபயர்வால் உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்கிறது. கனெக்‌ஷனுக்கான முதல் பாக்கெட்டைப் பார்த்தது, அதற்கு வந்த பதிலைப் பார்க்கவில்லை. மூன்றாவது வரும்போது சந்தேகப்பட்டுக் கீழே போட்டுவிடுகிறது. பிங்குக்கு இப்படிக் கைகுலுக்கும் சடங்கு இல்லாததால் அது தப்பித்துவிடும். பெட்டி விற்றவர் ரூட்டர் மேல் பழி போடுவார், ரூட்டர்காரர் பெட்டி மேல் போடுவார். இரண்டும் ஒழுங்காகத்தான் இருக்கும். 2501-ஐக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் கம்பியிலிருந்து பிடுங்கி, ஃபயர்வாலின் தனிப் போர்ட் ஒன்றில் நாலே முகவரி உள்ள குட்டி நெட்வொர்க்கில் மாட்டினால் போக்கும் வரவும் ஒரே வாசல் வழி ஆகிவிடும்.

இதைச் செய்யாமல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ரூட் ஆட்' என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கூடவே '-பி' போட மறந்தால் மெஷினை அணைத்துப் போட்டதும் அந்த வரி போய்விடும். மறக்காமல் போட்டாலும் அந்த மெஷினை என்றைக்காவது ஃபார்மேட் செய்வார்கள். ரூட் இருக்க வேண்டிய இடம் ரூட்டர். கம்ப்யூட்டரில் எழுதிய ரூட் யார் கண்ணிலும் படாது.

திருப்பூர் இந்த மில்களுக்கு நேர் எதிர். மில்காரருக்கு இரண்டு இடம் என்றால் பனியன் கம்பெனிக்கு ஆறு இடம். ஆபீஸ் ஒரு தெரு, கட்டிங் ஒரு தெரு, எம்பிராய்டரி, செக்கிங், பேக்கிங் எல்லாம் எங்கெங்கோ. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியேயும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று ஆனதும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி ஆன்டெனா ஏறியது. மாட்டியவர்கள் எல்லாரும் பிரிட்ஜ் என்றே வைத்தார்கள். ஆறு யூனிட்டும் ஒரே நெட்வொர்க். எந்த வரியும் எழுத வேண்டாம், செருகினால் ஓடும். முதலாளிக்கும் சந்தோஷம்.

எம்பிராய்டரி யூனிட்டில் ஒரு சூப்பர்வைசர் செல்போனுக்காக ஒரு வைஃபை ரூட்டர் வாங்கி, கேபிளைத் தவறான போர்ட்டில் செருகினார். அந்தச் சின்னப் பெட்டி ஆறு யூனிட்டுக்கும் முகவரி வழங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் மெஷினைப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆபீஸ் கொடுத்த முகவரி, மீதிப் பேருக்கு எம்பிராய்டரி கொடுத்த முகவரி. 2008 கடைசியில் கான்ஃபிக்கர் புழு வந்தபோது இப்படிப்பட்ட கம்பெனிகள்தான் அதிகம் அடி வாங்கின. பேக்கிங்கில் ஒருவர் பென்டிரைவ் செருகினால் ஆபீஸ் சர்வர் வரைக்கும் தடையே இல்லை. நடுவில் ஒரு ரூட்டர் இருந்திருந்தால் புழு பரவிய 445-ஆம் போர்ட்டை அங்கேயே மறித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு யூனிட் யூனிட்டாகப் பிரிக்கிற வேலை எனக்கு நிறைய வந்தது. மைக்ரோடிக் ரூட்டர் போர்டுகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தன, இடத்துக்கு ஒன்று வைக்கக் கட்டுப்படி ஆனது. ரூட் எழுதுவதற்கு முன்னால் எண்களை ஒழுங்காக வைக்க வேண்டும். முதல் யூனிட்டுக்கு 10.1, இரண்டாவதற்கு 10.2, மூன்றாம் எண்ணில் 1 என்றால் கம்ப்யூட்டர், 2 என்றால் கேமரா, 3 என்றால் அட்டென்டன்ஸ் மெஷின். முகவரியைப் பார்த்ததும் எந்த யூனிட், என்ன பொருள் என்று தெரிந்துவிட வேண்டும். ஆறு இடமும் ஒவ்வொன்றும் மற்ற ஐந்துக்கும் தனித்தனியாக எழுதினால் முப்பது வரி. ஆபீஸை நடுவில் வைத்து, யூனிட்டுகள் "10-இல் தொடங்குகிற எதுவானாலும் ஆபீஸுக்கு" என்று ஒரே வரி, ஆபீஸில் யூனிட்டுக்கு ஒரு வரி என்று எழுதினால் பத்தில் முடிந்துவிடும்.

சுருக்கி எழுதுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆபீஸில் "10.5-இல் எது வந்தாலும் ஐந்தாவது யூனிட்டுக்கு" என்று இருக்கும். ஐந்தாவது யூனிட்டில் உண்மையில் இருப்பது 10.5.1, 10.5.2, 10.5.3 மட்டும். ஒரு வைரஸ் பிடித்த மெஷின் 10.5.77 என்று இல்லாத முகவரியைத் தேடினால் ஆபீஸ் அதை யூனிட்டுக்கு அனுப்பும். யூனிட்டுக்கு அது தெரியாது. "10 என்றால் ஆபீஸ்" என்று திருப்பி அனுப்பும். ஆபீஸ் மறுபடி யூனிட்டுக்கு. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இத்தனை தாண்டல்தான் என்று ஓர் ஆயுள் எண் உண்டு, விண்டோஸில் வழக்கமாக 128. அது தீரும் வரை ஒரே பாக்கெட் அந்த ரேடியோ லிங்க்கை இப்படியும் அப்படியுமாக நூறு தடவைக்கு மேல் கடக்கும். மேலே ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள், சிக்னல் குறைந்துவிட்டது என்று. ட்ரேஸ்ரூட் போட்டால் இரண்டே முகவரி மாறி மாறி வரும், அதைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். மருந்தும் ஒரு வரிதான்: ஐந்தாவது யூனிட் ரூட்டரில், "10.5-இல் எனக்குத் தெரியாத எதுவும் குப்பைக்கு" என்று எழுதிவிட வேண்டும். அதிகக் குறிப்பான வரிதான் முதலில் ஜெயிக்கும் என்பதால் உண்மையில் இருக்கிற மூன்று நெட்வொர்க்குக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

எண்களை வைக்கும்போது யோசிக்காதவர்களுக்கு அந்தக் கடன் பின்னால் வந்து நிற்கும். தனியார் உபயோகத்துக்கென்று ஒதுக்கிய முகவரிகளை ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 1996-இல் வகைப்படுத்தி வைத்தது. 10-இல் தொடங்குவது மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல். ஆனால் கடையில் வாங்குகிற பெட்டிகளில் பெரும்பாலானவை 192.168.1 அல்லது 192.168.0 என்றே வரும், ஊரே அதில்தான் குடியிருக்கிறது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியபோது இரண்டு பக்கமும் 192.168.1. எந்த ரூட் போட்டும் பயனில்லை. ஏனென்றால் கேள்வி ரூட்டர் வரைக்குமே வராது. 192.168.1.50 தன் கம்பியிலேயே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்து அங்கேயே கூவிக்கொண்டிருக்கும். முகவரியை மாற்றிக் காட்டும் நாட் வேலை செய்து கொஞ்ச காலம் ஓட்டலாம். அது ஒட்டுப்போட்ட வேலை. பிரிண்டரில் வேறு எண், சர்வரில் வேறு எண் என்று ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாமல் போகும்.

எண்ணை மாற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும். கம்ப்யூட்டர்கள் சுலபம். பார்கோடு பிரிண்டர், கேமரா டிவிஆர், வாசலில் இருக்கும் அட்டென்டன்ஸ் மெஷின் இவைதான் உயிரை எடுக்கும். மாட்டியவர்கள் முகவரியை மட்டும் போட்டுவிட்டு கேட்வே இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஒரே நெட்வொர்க்காக இருந்த வரை அது தேவைப்படவில்லை. பிரித்த பிறகு ஆபீஸிலிருந்து கேள்வி அதனிடம் போய்ச் சேரும், பதிலை எங்கே கொடுப்பது என்று அதற்குத் தெரியாது. திங்கட்கிழமை காலை எச்ஆர் மேடம் போன் செய்வார்: "சார், ஆளுங்க பஞ்ச் பண்ணது ஒண்ணுமே இறங்கல." பாஸ்வேர்டு, மாட்டிவிட்டுப் போன பையனிடம். பையன் துபாயில். அப்படிப்பட்ட இடத்தில் யூனிட் ரூட்டரிலேயே வெளியிலிருந்து வருவதை உள்ளூர் முகவரி போல மாற்றிக்கொடுப்பேன். ஒட்டுப்போடுவது எனக்கும் தெரியும்.

ரூட் சரியாக இருந்தும் பழி அதன் மேல் விழுவதுண்டு. நெட்வொர்க் நெய்பர்ஹுட் என்று ஒன்று விண்டோஸில் இருந்தது. அதைத் திறந்தால் எல்லா மெஷின் பெயரும் வரும். பிரித்த மறுநாளே "மத்த யூனிட் மெஷின் எதுவும் காணோம்" என்பார்கள். அது ஊர் முழுக்கக் கூவி வாங்கும் பட்டியல், கூவல் ரூட்டரைத் தாண்டாது. முகவரியைத் தட்டினால் மெஷின் திறக்கும். 2004-இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்ததும் விண்டோஸ் தன் ஃபயர்வாலைத் தானே போட்டுக்கொண்டது. ஃபைல் ஷேரிங்குக்கு அது கொடுத்த அனுமதி தன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும். அடுத்த மேஜையிலிருந்து திறக்கும், அடுத்த யூனிட்டிலிருந்து திறக்காது. முந்தின நாள் ரூட்டரைத் தொட்டவன் நான், ஆகவே குற்றவாளி நான். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மெஷினைப் பிங் செய்வதற்கு முன் அதே நெட்வொர்க்கில் இருக்கும் ரூட்டர் முகவரியைப் பிங் செய்து காட்டுவேன். வாசல் வரை வந்தாயிற்று, வீட்டுக்காரர் கதவைத் திறக்கவில்லை என்றால் ரோடு போட்டவனைக் கேட்காதீர்கள் என்று.

ஸ்டாட்டிக் ரூட்டின் உண்மையான பலவீனம் லைன் செத்துப்போகும்போது தெரியும். பழைய சீரியல் லைனில் பத்து விநாடிக்கு ஒருமுறை இரண்டு ரூட்டரும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். லைன் போனால் போர்ட் விழும், போர்ட் விழுந்தால் ரூட்டும் தானாக மறையும், மாற்றாக எழுதிய வரி மேலே வரும். இப்போது லைன் கொடுப்பவர்கள் சுவரில் ஒரு மீடியா கன்வெர்ட்டரை மாட்டி ஈதர்நெட்டாகக் கொடுக்கிறார்கள். நடுவழியில் எங்கோ ஜேசிபி ஃபைபரை அறுத்துவிட்டாலும் சுவரில் இருக்கும் பெட்டிக்கும் ரூட்டருக்கும் இடையே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ரூட்டர் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். பேக்கப் லைன் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். இதற்காகத்தான் எதிர்முனையை விடாமல் பிங் செய்து, பதில் நின்றால் அந்த வரியை எடுத்துவிடுகிற ஏற்பாடு வந்தது. சிஸ்கோவில் ட்ராக், மைக்ரோடிக்கில் செக் கேட்வே. போட்டிருக்கிறார்களா என்று எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் பார்ப்பேன். பாதி இடத்தில் இருக்காது. இருக்கிற இடத்திலும் பல பேர் ஒரு பக்கம் மட்டும் போட்டிருப்பார்கள். நம் பக்கம் பேக்கப்புக்கு மாறிவிடும், மில் பக்கம் செத்த லைனிலேயே பதில் அனுப்பிக்கொண்டிருக்கும். அக்கவுண்டன்ட் சொன்ன பேரேட்டுக் கணக்கு இங்கேயும் இடிக்கும்.

இதற்கெல்லாம் ரூட்டர்கள் வழிகளைத் தமக்குள் தாமே சொல்லிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் போட்டால் தீர்ந்ததே என்று படித்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு இடத்துக்கு நடுவே பல வழி இருந்தால், இடங்கள் மாதம் மாதம் கூடினால், கட்டாயம் போட வேண்டும், நானே போட்டிருக்கிறேன். ஐந்து யூனிட், நடுவில் ஓர் ஆபீஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு லைன், ஒரு பேக்கப் என்றால் எனக்கு ஸ்டாட்டிக் போதும். நான் இல்லாத நாளில் அங்கே இருக்கிற ஆள் அந்தச் சில வரிகளைப் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எதற்கு, யார் சொல்லி, எப்போது என்று எழுதியிருக்க வேண்டும். என்றோ விற்றுவிட்ட யூனிட்டுக்கு இன்னும் ரூட் இருக்கும் ரூட்டர்களைப் பார்த்திருக்கிறேன். எடுத்தால் என்ன ஆகுமோ என்று யாரும் தொடமாட்டார்கள்.

இப்போதெல்லாம் கம்பியே கண்ணில் படுவதில்லை. பிராட்பேண்டு மேல் வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம், அவ்வளவுதான். அதிலும் இந்தச் சுரங்கம் வழியாக எந்தெந்த முகவரி போகலாம் என்று இரண்டு முனையிலும் எழுத வேண்டும். ஒரு முனையில் விட்டுப்போனால் அதே பழைய போன் வரும்.

போன மாதம் ஒரு பையன் இரவில் கூப்பிட்டான். தொலைவில் இருக்கும் யூனிட் ரூட்டரில் லைனை மாற்ற வேண்டும், எந்தப் பக்கத்தை முதலில் தொடுவது என்று கேட்டான். தூரத்துப் பக்கத்தை முதலில், நீ உட்கார்ந்திருக்கும் பக்கத்தைக் கடைசியில் என்றேன். புதிய வரியைச் சேர்த்து, அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் பழையதை எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் பத்து நிமிடத்தில் தானாக ரீலோடு ஆகும்படி கட்டளை கொடுத்துவிட வேண்டும். வழியை நாமே அறுத்துக்கொண்டால், சேமிக்காத மாற்றம் எல்லாம் போய் ரூட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியாக முடிந்தால் ரீலோடை ரத்து செய்ய மறக்கக் கூடாது, சேமிப்பதும் அதற்குப் பிறகுதான். "மைக்ரோடிக்குங்க அண்ணா" என்றான். அப்படியானால் சேஃப் மோடைப் போட்டுக்கொள், தொடர்பு அறுந்தால் அதுவே திருப்பிக்கொள்ளும் என்றேன். யூனிட் வாட்ச்மேன் நம்பர் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். வாங்கிவிட்டு ஆரம்பி என்று சொல்லி வைத்தேன்.